மாப்பிள்ளை இரண்டு முறை கேட்டார்

எங்கள் கணக்கு அக்காவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. முட்டிவலி, டாக்டர் சொன்னார் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அவள் ஒரு காரணமும் சொல்லவில்லை. ஆசையாக இருக்கிறது என்றாள், அவ்வளவுதான். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் அவளைக் கிண்டலடித்தே மாவு சலித்த மாதிரி சலித்துவிட்டோம்.

நாங்கள் என்றால் சலவைக்கூடத்து ஆட்கள். விடுதிகளின் படுக்கை விரிப்பு, பல் டாக்டரின் மேலங்கி, முடிதிருத்தும் கடைகளின் துண்டு எல்லாம் எங்களிடம் அழுக்காக வந்து, வெளுத்து, மடித்து, மூட்டையாகத் திரும்பிப் போகும். கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். இந்த வண்டியில் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அக்கா எனக்கும் ஆறு வருஷம் முன்னால் வந்தவள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் நீச்சல் குளத்துக்காரர்களும் எங்கள் வாடிக்கைதான். ஒரு தடவை பில்லில் ஏதோ தகராறு என்று அக்கா அங்கே நேரில் போனாள். போன இடத்தில், அவளைவிட மூத்த ஒரு பெண் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். "யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத மூஞ்சிடா அது" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது.

ஆசைப்பட்டால் போதுமா? பெண்களுக்கான நேரம் நாலிலிருந்து ஐந்து. எங்கள் கூடத்தில் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாத நேரமும் அதே ஒரு மணிதான். முதலாளியின் சட்டம் ஒன்று உண்டு: மூன்று பில் பாக்கி நின்றால் அடுத்த மூட்டை வண்டியில் ஏறாது. ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும். மூன்றரை வரைக்கும் கல்லுளிமங்கன் மாதிரி இருக்கும் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அதற்கப்புறம்தான் ஞானோதயம் வரும். ஒருவர் பின் ஒருவராகப் பணத்தை வங்கிக்கு அனுப்புவார்கள். எந்தப் பணம் யாருடையது, எந்த பில்லுக்கு என்று பார்த்து வரவு வைத்தால்தான் ஐந்து மணிப் பட்டியலில் அந்தப் பெயர் வரும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் நான் மூட்டையைத் தூக்குவேன்.

கேட்க எளிதாக இருக்கும். யார் பில் நம்பர் எழுதி அனுப்புகிறார்கள்? விடுதிக்காரர் பணம் அவருடைய மச்சான் பெயரில் வரும். பல் டாக்டர் பணம் மனைவி பெயரில். ஒருத்தர் எப்போதும் சில்லறையில்லாமல் ஆயிரங்களாகப் போடுவார், இன்னொருத்தர் பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் போடுவார். அக்கா போனைப் பார்ப்பாள், மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொள்வாள், "இது மச்சான் காசு" என்று சொல்லி வரவு வைத்துவிடுவாள். பதினேழு வருஷத்தில் ஒரு வரவைக்கூடத் தப்பான கணக்கில் வைத்ததில்லை. இதை வாரத்துக்கு ஒரு தடவை அவளே சொல்வாள், நாம் மறந்துவிடக் கூடாதே.

அந்தச் சமயத்தில்தான் பில் போடும் மென்பொருள்காரர்கள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏஐ ஏஜெண்ட் என்றார்கள். வங்கியில் பணம் வந்ததும் அதுவே பார்த்து, எந்த பில், எவ்வளவு, என்ன தேதி, எந்த வழியாக வந்தது என்று நாலையும் நிரப்பி வரவு வைக்குமாம். வாடிக்கைக்காரருக்கு ரசீதும் போய்விடுமாம். ஒரு மாதம் இலவசம் என்றதும் முதலாளி சம்மதித்துவிட்டார். அவரை நான் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன், அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வேறு யாராக இருந்தாலும் வேலைக்கு உலை வைக்க வந்த சனியன் என்று வயிறு எரிந்திருப்பார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப இது வரவு வைக்கும்னா, நான் நாலு மணிக்குக் கிளம்பலாமா?"

முதலாளி யோசித்தார். "ஒரு மாசம் பாரும்மா. அதால ஒரே ஒரு மூட்டை நின்னுச்சுன்னாலும் அதை அனுப்பிடுவேன். நீ பழையபடி அஞ்சு மணி வரைக்கும் உட்காரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அக்கா. அன்று மாலையே நீச்சல் உடை வாங்கப் போய்விட்டாள்.

முதல் வாரம் முழுக்க அதற்குப் பாடம் நடந்தது. யார் பணம் யார் பெயரில் வரும் என்று அக்கா பட்டியல் சொல்லச் சொல்ல, அது எழுதிக்கொண்டது. பெயரும் தொகையும் இரண்டுமே பொருந்தினால் தானாக வரவு வைக்கலாம், ஒன்று இடித்தாலும் அக்காவைக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவும் சும்மா சொல்லக் கூடாது, வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக்கொண்டே இருந்தது. இதைத் தொடலாமா, அதை மாற்றலாமா, இப்படி வைத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று ஒரே மரியாதை.

"கல்யாணமாகி முதல் தடவை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரியே இருக்குடா. தண்ணி குடிக்கக்கூட அனுமதி கேட்குது" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். நாங்களும் அவர் இவர் என்றே பேச ஆரம்பித்துவிட்டோம்.

பட்டியலின் கடைசியில் ஜிம்மும் பார்லரும் வந்தன. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே கட்டடம். மாடியில் ஜிம், அது கணவருடையது. கீழே பியூட்டி பார்லர், அது மனைவியுடையது. முன்பு இரண்டுக்கும் சேர்த்து எங்களிடம் ஒரே கணக்கு. இரண்டு வருஷம் முன்னால் இருவருக்கும் ஏதோ முட்டிக்கொண்டு, பேச்சு வார்த்தை நின்று, ஆளுக்கொரு வீடாகப் போய்விட்டார்கள். கணக்கையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி அந்தம்மா நேரில் வந்து நின்றார். பிரித்துக் கொடுத்தது அக்காதான். நான் மூட்டை கொண்டுபோனால் கீழே இருக்கிறவர், "மேல இருக்கறவர் இன்னும் அந்த இரும்பைத்தான் தூக்கிட்டு இருக்காரா?" என்பார். மேலே இருக்கிறவர், "கீழ இன்னும் அதே வாய்தானா?" என்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் இறங்கிவருவது எனக்குக் கைவந்த கலை.

அக்கா மாப்பிள்ளையிடம் சொன்னாள். "அவர் பேர்ல பணம் வந்தா ஜிம்முக்குத்தான். கண்ணை மூடிட்டுப் போடுங்க."

"தொகை வேறொரு பில்லோடு சரியாகப் பொருந்தினால் உங்களைக் கேட்கலாமா?" என்று திரையில் வந்தது.

"கேளுங்க, கேளுங்க. கேட்கறதுக்குக் காசா பணமா."

அப்புறம் நாட்கள் நன்றாகவே ஓடின. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஐந்தேகாலுக்கு ஈரத் தலையோடு வருவாள். முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாளாம். இரண்டாம் வாரம் முகத்தை முக்கினாளாம். மூன்றாம் வாரம் காலை உதைத்துக் கொஞ்ச தூரம் போனாள், ஆனால் கை கம்பியை விட மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் மடிப்பு மேஜைமேல் கையை வைத்துச் செய்து காட்டுவாள். மடிப்புக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாப்பிள்ளை கேட்கும் ஒன்றிரண்டு சந்தேகங்களுக்குக் குளத்துப் படியில் உட்கார்ந்தபடியே போனில் பதில் எழுதிவிடுவாள். வரவெல்லாம் சுத்தமாக இருந்தது.

இருபத்து மூன்றாவது நாள். அன்றைக்கு அக்கா கம்பியை விட்டுவிட்டுக் குளத்தின் குறுக்கே அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று பயிற்சியாளம்மா சொல்லியிருந்தார். வரிசையில் ஐந்து பேர், அக்கா நாலாவது. மூன்றாவது ஆள் தண்ணீரில் இறங்கும்போது பெஞ்சில் இருந்த போன் அதிர்ந்தது. அக்கா போய் எடுத்தாள்.

மாப்பிள்ளை எழுதியிருந்தார்: "ஜிம் உரிமையாளர் பெயரில் 4,360 வந்துள்ளது. ஜிம்முக்கு நிலுவை ஒரே ஒரு பில், 2,900. பார்லரின் மூன்று பில்களைக் கூட்டினால் சரியாக 4,360 வருகிறது. எதற்கு வரவு வைக்கட்டும்?"

அக்கா ஈர விரலால் அடித்தாள். "ஜிம்முக்கு. மிச்சத்தை முன்பணமா வைங்க."

உடனே அடுத்த கேள்வி. "அவர் இதுவரை சில்லறையில்லாமல் ஆயிரங்களாகத்தான் அனுப்பியிருக்கிறார். இந்தத் தொகை பார்லருடைய மொத்தத்தோடு கொஞ்சமும் பிசகாமல் பொருந்துகிறது. பார்லருக்கு வரவு வைக்காவிட்டால் இன்று அவர்கள் மூட்டை ஏறாது. உறுதிதானா?"

அதற்குள் பயிற்சியாளம்மா போனைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்கு எரிச்சல். "மாப்பிள்ளை, உங்களுக்கு எண்ணைத்தான் தெரியும். எனக்கு மனுஷங்களைத் தெரியும். அந்த மனுஷன் அவங்களுக்கு ஒரு துண்டுகூட வாங்கித் தர மாட்டார். ஜிம்முக்கே போடுங்க" என்று எழுதிப் போனைக் கவிழ்த்துவைத்தாள். திரும்பினால் வரிசை முடிந்திருந்தது. நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு எனக்குப் பட்டியல் வந்தது. ஜிம் இருக்கிறது, பார்லர் இல்லை. பார்லரின் மூட்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்லரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு மூட்டையோடு படியேறுவதைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. வழக்கமான வாய் அன்றைக்கு இல்லை. "பைப் உடைஞ்சு பத்து நாள் கடையை மூடிட்டேம்பா. இந்த வாரம் கொஞ்சம் இழுக்குது. நாளைக்குக் காலையில பன்னெண்டு பேர் வர்றாங்க, காய்ஞ்ச துண்டு ஒண்ணுகூட இல்ல" என்றார். அப்புறம் அவரே, "சரி, சட்டம்னா சட்டம்தான், நீ என்ன பண்ணுவ" என்று உள்ளே போய்விட்டார். எனக்கு மனசே சரியில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாடியில் ஜிம்காரர் மூட்டையை வாங்கி வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "கீழ குடுத்துட்டியா?" என்றார்.

"இல்லீங்க. அவங்க பணம் வரலையாம்."

"வரலையா? நான் நாலேகாலுக்கே போட்டேனே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு, நூறு கிலோவைத் தலைக்குமேல் தூக்குகிற ஆள், திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். மெதுவாக விஷயம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் கணக்கைப் பிரித்தபோது, பார்லர் கணக்கிலிருந்து இவருடைய போன் நம்பரை எடுக்க அக்கா மறந்திருக்கிறாள். அந்தம்மாவுக்குப் போகும் பாக்கி நினைவூட்டல் ஒவ்வொன்றும் இவருக்கும் வந்துகொண்டிருந்தது. "நம்பரை எடுத்துடுங்கன்னு சொல்லலாம்னுதான் நினைச்சேன். சொல்லல" என்றார். போனை எடுத்துப் பார்த்தார். முன்பணத்துக்கு நன்றி என்று எங்கள் ரசீது வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்படியாவது மாத்திடுப்பா. ஆனா என் பேரு மட்டும் அங்க வரக் கூடாது. தெரிஞ்சா எடுத்து மூஞ்சியில எறிவா."

மற்ற மூட்டைகளை அப்படியே வண்டியில் விட்டுவிட்டு நேராகக் கூடத்துக்குத் திரும்பினேன். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கம் வந்த முதலாளியின் காதிலும் பாதி விழுந்துவிட்டது.

"மூட்டை நின்னுடுச்சா? நான் அப்பவே நினைச்சேன்" என்றார் முதலாளி. "என்ன இருந்தாலும் மெஷின் மெஷின்தான். ஒரு பழக்கவழக்கம் தெரியுமா அதுக்கு? சரிம்மா, மாப்பிள்ளையை அனுப்பிடலாம். நாளையிலிருந்து நீ பழையபடி அஞ்சு வரைக்கும் உட்காரு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். குளத்துப் படியிலிருந்து அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது வேறு யாருக்கும் தெரியாது, முதலாளி அதையெல்லாம் திறந்து பார்க்கிற ஆளில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் பதினேழு வருஷப் பெயர் பத்திரம், நீச்சல் போச்சு. திறந்தால் பெயர் போச்சு. அந்தப் பெயரைத் தவிர அவளிடம் மார்தட்டிக்கொள்ள வேறு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

திரையைத் திறந்து, ஜிம்முக்கு வைத்த வரவை நீக்கி, பார்லரின் மூன்று பில்களுக்கும் வைக்கச் சொன்னாள்.

"செய்கிறேன்" என்றார் மாப்பிள்ளை. "ரசீதில் அனுப்பியவர் பெயரை அச்சிடாமல் விடலாம். வேறு பெயர் போட முடியாது."

"விட்டுடுங்க."

"வைத்த வரவை நீக்க, திருத்தத்துக்கான காரணத்தை எழுதியாக வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. என்ன எழுதட்டும்?"

முதலாளி அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு, எழுதிக்கொண்டே எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகப் படித்தாள்.

"கணக்கு அக்கா தப்பா சொன்னாங்க. நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க. ரெண்டு தடவையும் தெரியும் தெரியும்னு சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டார், ஒரு எழுத்து கூடவுமில்லை குறையவுமில்லை. முதலாளி திரையை மேலே தள்ளி அந்தக் கேள்வி பதிலையெல்லாம் நிதானமாகப் படித்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றுவிட்டுப் போனார்.

நான் பார்லர் மூட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நான் பணமே போடலையே. உங்க கணக்குல ஏதோ தப்பு, போய்ச் சரி பண்ணச் சொல்லு" என்றார். தப்பைச் சரிபண்ணிவிட்டுத்தான் வருகிறோம் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் வண்டி ஓட்டுறவன்."

வாய் ஒழுங்காகத்தான் சொன்னது, கண்தான் கெடுத்துவிட்டது, தன்னால் மாடிப்படியைப் பார்த்துவிட்டது. அந்தம்மாவும் படியைப் பார்த்தார். "திமிரைப் பாரேன்" என்றார். திட்டுகிற குரலில்தான் சொன்னார், ஆனால் மூட்டையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

மறுநாள் நாலு மணி ஆயிற்று. அக்கா எழுந்திருக்கவில்லை. பையும் கொண்டுவரவில்லை. முதலாளி வந்தார்.

"ஏம்மா, மணி பார்க்கலையா?"

"மூட்டை நின்னுடுச்சேங்க."

"நின்னுச்சு. யாரால நின்னுச்சு?"

"என்னாலதான்."

"நான் என்ன சொன்னேன்? அதால நின்னா அதை அனுப்புவேன்னேன். உன்னால நின்னா என்ன பண்ணுவேன்னு ஒண்ணும் சொல்லலையே. நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நீ நாலு மணிக்கு இங்க இல்லாம இருக்கறதுதான் கணக்குக்கு நல்லது." கையை நீட்டினார். "போனைக் குடுத்துட்டுப் போ. மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தா என்னைக் கேட்கட்டும். எனக்கு மனுஷங்களைத் தெரியாது."

அக்கா ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் போனை அவர் கையில் வைத்துவிட்டு, பையை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் பட்டியல் வந்து, மூட்டைகளை ஏற்றிக் கதவைச் சாத்தும் நேரத்தில் திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தண்ணீராலா அழுகையாலா என்று தெரியவில்லை, இரண்டும் இருக்கலாம்.

"என்னக்கா, ஆச்சா?"

"நடுவுல போறப்ப பயம் வந்துடுச்சு தம்பி. ரெண்டு வாய் தண்ணியும் குடிச்சேன். திரும்பிடலாம்னு பார்த்தா, கம்பியும் அந்தக் கரையும் ஒரே தூரத்துல இருந்துச்சு." மூச்சு வாங்கியது. "அப்புறம் என்ன, போயிட்டேன்."